அவர் என்ன முட்டாளா?

கேள்வி: 2013-ல் சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸை ஒட்டிய கூட்டா பகுதியில் விஷவாயு வீசப்பட்டபோது ஐ.நா. ஆய்வாளர்கள் டமாஸ்கஸில்தான் தங்கியிருந்தார்கள். உள்நாட்டுப் போரிலும் அதிபர் அசாத்தின் கைதான் ஓங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து விஷவாயு வீச அவர் என்ன முட்டாளா? அமெரிக்காவை உள்ளே இழுக்கக் கிளர்ச்சியாளர்களே செய்துவிட்டு அவர்மேல் பழி போட்டார்கள் என்கிறேன். நீங்கள்?

(பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருச்சி)

பதில்: ஆட்சியில் இருப்பவர்களின் புத்திக்கூர்மைமேல் நம் வாசகர்களுக்கு இருக்கும் நம்பிக்கை என்னை அசர வைக்கிறது. பால் விலை ஏறினால் “இவனுங்களுக்கு மூளையே கிடையாதா?” என்று எழுதுகிற அதே கை, நூற்றுக்கணக்கில் ஜனங்கள் செத்துப்போன விவகாரம் என்றால் “அவ்வளவு பெரிய ஆள் இப்படி ஒரு தப்பைச் செய்வாரா?” என்று எழுதுகிறது. 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தார். அதில் அவருக்கு என்ன லாபம்? ஏழு மாதத்தில் அடித்துத் துரத்தப்பட்டார். அன்றைக்கு நீங்கள் கேள்வி அனுப்பியிருந்தால், “குவைத்தில் நிற்பது ஈராக் ராணுவமே இல்லை, அவர் என்ன முட்டாளா?” என்று கேட்டிருப்பீர்கள்.

இதற்கெல்லாம் காரணம் வாரப்பத்திரிகை மர்மத் தொடர்கதைகள்தான். முதல் அத்தியாயத்தில் ரத்தக்கறை படிந்த வேட்டியோடு ஒரு மருமகன் நின்றால், அவன் கொலைகாரன் இல்லை என்று அந்த நிமிடமே வாசகருக்குத் தெரிந்துவிடும். எவனுக்கு எதிராகச் சாட்சி அதிகமோ அவன் நிரபராதி. இந்த விதியைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்திருக்கிறோம். நம் இதழிலேயே ஒரு தொடர் வந்தது. எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு இதுவே விளம்பரமாகிவிடும். மருமகன், மைத்துனர், பங்காளி, மானேஜர் என்று வாரத்துக்கு ஒருவர்மேல் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டே போனார். கடைசி வாரம், அதுவரை கதையில் தலையே காட்டாத சமையல்காரர் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கைதானார். கார்டுகள் குவிந்தன, அச்சிலேற்ற முடியாத வசவுகளோடு. எழுத்தாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “யாருமே எதிர்பார்க்கலை இல்ல சார்?” என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். ரசத்தோடு நான் எழுந்துவிட்டேன். பாயசம் நன்றாக இருந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

சரி, கூட்டாவுக்கு வருவோம். ஆய்வாளர்கள் ஊரில் இருந்தார்கள் என்பது உண்மை. ஸ்வீடன் விஞ்ஞானி ஓக்கெ செல்ஸ்ட்ரோம் தலைமையில் ஆகஸ்ட் 18-ம் தேதி வந்து சேர்ந்தார்கள். எதற்கு வந்தார்கள்? மார்ச் மாதம் அலெப்போ பக்கத்தில் கான் அல்-அசலில் விஷவாயு வீசப்பட்டது. அதைச் செய்தது கிளர்ச்சியாளர்கள் என்று சொல்லி, விசாரணை கேட்டதே அசாத் அரசுதான். அந்தக் குழு பெட்டியைக்கூடப் பிரித்திருக்காது. 21-ம் தேதி விடிவதற்குள் கிழக்கு கூட்டாவில் சமல்கா, ஐன் தர்மா, மேற்கே முவதமியா என்று ராக்கெட்டுகள் விழுந்தன. அந்த நேரத்தையும் கவனியுங்கள். அன்று அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிவரை வெப்பம் இறங்கிக்கொண்டிருந்ததால், காற்று மேலே எழும்பாமல் கீழே தங்கியது என்று ஐ.நா. அறிக்கையே குறிப்பிடுகிறது. வீசப்பட்டது சரின் என்ற நரம்பு விஷம். அது காற்றைவிடக் கனமானது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் எங்கே படுத்திருப்பார்கள்? கட்டடங்களின் அடித்தளத்தில். வாயு அங்கேதான் இறங்கியது.

ஆய்வாளர்களை உடனே அங்கே விட்டார்களா? அனுமதி 25-ம் தேதிதான் கிடைத்தது. அதுவரை அந்தப் பகுதிமேல் பீரங்கி ஓயவில்லை. 26-ம் தேதி முவதமியாவுக்குக் கிளம்பியபோது அவர்களின் முதல் வண்டியைக் குறிவைத்து யாரோ சுட்டார்கள். வேறு வண்டி பிடித்துப் போய், ராக்கெட் துண்டுகள், மண், ரத்தம், சிறுநீர் எல்லாம் சேகரித்துக்கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 16-ல் அறிக்கை வந்தது: தரையிலிருந்து தரைக்கு ஏவப்பட்ட ராக்கெட்டுகளில் சரின் இருந்தது. சமல்கா பக்கம் கிடைத்தவை 330 மி.மீ. குறுக்களவு கொண்டவை. ஒவ்வொன்றின் முன்பாகத்திலும் ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு தண்ணீர்க் குடத்தின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சரினை யாரும் வீட்டுக் கொல்லையில் காய்ச்ச முடியாது.

இதை எல்லாம் சொன்ன அறிக்கை, யார் ஏவியது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வரம்பு. பயன்படுத்தினார்களா இல்லையா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். பிணத்தை அறுத்துப் பார்த்து விஷம் என்று எழுது, விஷம் வைத்தவனைப் பற்றி மூச்சு விடாதே என்று சொல்லி அனுப்பினால், பழி விவகாரம் எப்படித் தீரும்? பாதுகாப்பு அவையில் வீட்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. புடின் அந்த செப்டம்பரிலேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதி, வாயு வீசப்பட்டதை ஒப்புக்கொண்டு, பழியைக் கிளர்ச்சியாளர்கள்மேல் போட்டார். உங்கள் கடிதம் அதன் சுருக்கம்.

ராக்கெட் எங்கிருந்து வந்தது என்பதில் உண்மையான சண்டை ஒன்று நடந்தது. அது ஒன்றும் முட்டாள்தனமான சண்டை இல்லை. ராக்கெட் வந்த திசைகளைக் கோடு போட்டு நீட்டிய ஒரு மனித உரிமை அமைப்பு, கோடுகள் டமாஸ்கஸை ஒட்டிய காசியூன் மலையில் இருந்த அரசுப் படைத்தளத்தில் போய் முட்டுகின்றன என்றது. அமெரிக்கப் பேராசிரியர் தியோடர் போஸ்டலும் ராக்கெட் நிபுணர் ரிச்சர்ட் லாயிடும் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தத் தலைகனத்த ராக்கெட் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது என்றார்கள். அதில் அவர்கள் சொன்னது சரிதான், செல்ஸ்ட்ரோமே அது நியாயமான கணிப்பு என்றார். ஆனால் ஏவிய இடம் மலையில் இல்லை என்பதால் அரசு ஏவவில்லை என்று ஆகிவிடுமா? அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்ளும் ராணுவத்தின் பிடியில் இருந்த நிலம் உண்டு என்று வேறு ஆய்வாளர்கள் வரைபடத்தை வைத்துக் காட்டினார்கள். 2014-ல் ஐ.நா. மனித உரிமை விசாரணைக் குழு, இதைச் செய்தவர்கள் சிரிய ராணுவத்தின் ரசாயனக் கையிருப்பை எட்டக்கூடியவர்களாக இருந்திருக்கவே வாய்ப்பு என்றது. நான் அந்தப் பக்கம்தான்.

அமெரிக்காவை நம்பாதே என்று நீங்கள் சொன்னால், கையைத் தூக்கிவிடுவேன். கூட்டாவில் செத்தவர்கள் 1,429 என்று அமெரிக்கா சொன்னது, குறைந்தது 350 என்றது பிரிட்டன், குறைந்தது 281 என்றது பிரான்ஸ். மூன்றும் தோளில் கைபோட்டுத் திரிகிற நாடுகள்! 2003-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் கிருமி ஆயுதம் இருக்கிறது என்று ஐ.நா.வில் சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியதை எவரும் மறக்கவில்லை. இன்னும் பழையது ஒன்று உண்டு. 1988 மார்ச் 16-ல் சதாமின் விமானங்கள் ஹலப்ஜா என்ற குர்து ஊரின்மேல் விஷவாயு வீசின. ஐயாயிரம் பேர்வரை செத்தார்கள். அப்போது ஈரானோடு மோதிக்கொண்டிருந்த சதாம் அமெரிக்காவுக்கு வேண்டியவர். அதனால் அமெரிக்க வெளியுறவுத்துறை ஈரான்மேலும் ஒரு பங்கு பழியைத் தூக்கிப் போட்டது. பாதுகாப்பு அவையும் மே மாதம் 612-ம் தீர்மானத்தில் வாயுவைக் கண்டித்துவிட்டு, குற்றவாளி யாரென்று பெயர் சொல்லாமல் “இரு தரப்பும்” இனி பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பதினைந்து வருடம் கழித்து, சதாம் சொந்த ஜனங்களையே வாயு வீசிக் கொன்றார் என்று சொல்லிக்கொண்டு அதே அமெரிக்கா படையெடுத்தது. இப்படிப்பட்டவர்களைச் சந்தேகிக்காவிட்டால்தான் தப்பு. ஆனால் போலீஸ்காரர் பொய்யர் என்பதற்காகத் திருடன் வீட்டில் கிடைத்த நகை அவனுடையதாகிவிடாது.

2015-ல் ஒருவழியாக, யார் என்று சொல்லவும் அதிகாரமுள்ள ஒரு கூட்டு விசாரணைக் குழு அமைந்தது. ரஷ்யாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அந்தக் குழு ஐ.எஸ். இயக்கத்தையும் விடவில்லை, சிரியாவின் மாரியா ஊரில் கடுகு வாயு என்ற விஷவாயு வீசியது அவர்கள்தான் என்றது. அதே குழு, 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் சரின் வீசியது அரசு என்றது. கூட்டாவுக்குப் பிறகு சிரியா ஒப்படைத்திருந்த கையிருப்பின் மூலப்பொருளில் இருந்த அதே ரசாயன அடையாளம் அங்கே எடுத்த மாதிரியிலும் இருந்தது. அந்த அறிக்கை வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பே, குழுவின் ஆயுளை நீட்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்துவிட்டது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு வீட்டோ. குழு கலைந்தது. 2018-ல் கிழக்கு கூட்டாவின் டூமா ஊரில் நடந்த தாக்குதல் பற்றி ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்குள்ளேயே பூசல் வெடித்து, ஆவணங்கள் கசிந்து, 2023-ல் அரசின் ஹெலிகாப்டர்தான் குளோரின் சிலிண்டர்களைப் போட்டது என்று முடித்தார்கள். அதை ஏற்காதவர்கள் இன்றும் ஏற்பதில்லை.

இப்போது உங்கள் லாபக் கணக்கு. கூட்டாவுக்குப் பிறகு அசாத்துக்கு என்ன ஆயிற்று? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று போர் வேண்டாம் என்றது. ரசாயன ஆயுதத்தை எடுத்தால் சும்மா இருக்க மாட்டேன் என்று சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க அதிபர் ஒபாமா அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டு யோசித்தார். ரஷ்யா குறுக்கே புகுந்து சமரசம் பேசியது. சுமார் 1,300 டன் ரசாயனத்தைக் கொடுத்துவிட்டு, அசாத் தாக்குதலிலிருந்து தப்பினார். கிழக்கு கூட்டாவை முற்றுகையில் பட்டினி போட்டு 2018-ல் பிடித்தார். 2024 டிசம்பர் 8 அன்று மாஸ்கோவுக்கு ஓடும்வரை நாற்காலி அவரிடம்தான் இருந்தது. அமெரிக்காவை உள்ளே இழுக்கத் திட்டம் போட்டதாக நீங்கள் சொல்லும் கிளர்ச்சியாளர்களுக்கு என்ன கிடைத்தது? லாபம் பார்த்துத்தான் குற்றவாளியைப் பிடிப்பது என்றால், ஐயா, உங்கள் கணக்குப்படியே அவர்தான் மாட்டுகிறார்.

உங்கள் கடிதத்தில் நான் அச்சில் விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு: “அவர் படித்தவர், லண்டனில் பயிற்சி பெற்ற கண் டாக்டர்.” வாஸ்தவம்தான். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்துவிட்டால் நம்மவர்களுக்கு முதுகு தானாக வளைந்துவிடுகிறது. அசாத்தாவது படித்து வாங்கினார். இங்கே ஒரு மேடை, ஒரு அங்கி, ஒரு தட்டு முந்திரி, அடுத்த நாள் சுவரொட்டியில் டாக்டர். கௌரவப் பட்டத்தை இந்த இதழில் பெயரோடு சேர்த்து அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலிருந்தே வழக்கம். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் ஆட்கள் இதைக் கேட்கவே வேனில் வந்தார்கள். “அண்ணனைச் சின்னதாக்கிட்டீங்க” என்றார் ஒருவர். ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னால் அதையும் சேர்த்துப் போடுகிறேன் என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டார்கள். பின் அட்டை விளம்பரமும் அவர்களோடு போயிற்று. அந்த இடத்தில் இப்போது வருவது ஊறுகாய் விளம்பரம். அவர்கள் பாக்கி வைப்பதில்லை.