வாசகர் கேள்வி: முட்டை ஓடும் பழத்தோலும் கழிவுநீரைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, பொடித்துக் கழிவுநீரில் கலந்தோம். ஒரு நாள் ஊறியும் பாஸ்பேட் அளவு அசையவே இல்லை. முட்டை ஓடு பாஸ்பேட்டை எடுக்கும் என்பது உண்மைதானா?

பதில்: உண்மைதான். ஆனால் ஓட்டைச் சுட்டுப் போட வேண்டும். ஓட்டில் ஏறக்குறைய 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். சாதாரண நீரில் அது மிகக் கொஞ்சமே கரையும். பாஸ்பேட்டைப் பிடிப்பதோ கரைந்து வரும் கால்சியம். அதனால்தான் நீங்கள் போட்ட பொடி அடியில் தங்கிவிட்டது, பாஸ்பேட் நீரிலேயே நின்றுவிட்டது.

முதலில் ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிடுங்கள். அது புரதம்; சுடும்போது புகையும், சுடாமல் போட்டால் அழுகி நீருக்கே நைட்ரஜனைச் சேர்க்கும். பிறகு 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திப் பொடித்து, ஆய்வகத்து மஃபிள் உலையில் 850 முதல் 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சரியாக வெந்ததா என்பதை எடையே சொல்லிவிடும்: 100 கிராம் பொடி 55 கிராம் அருகே இறங்கியிருக்க வேண்டும். 70 கிராமில் நின்றால் உள்ளே இன்னும் வேகவில்லை. ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு மெல்லப் பழைய கார்பனேட்டாகவே மாறிவிடும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்து நீறும். ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பொடியைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

எவ்வளவு போடுவது? கணக்குப்படி, லிட்டருக்கு 10 மி.கி. பாஸ்பரஸைக் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியவைக்க 30 மி.கி. சுட்ட ஓடு போதும். இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கழிவுநீரில் உள்ள பைகார்பனேட் முதலில் சுண்ணாம்பைத் தின்றுவிடும். அது தீர்ந்து பி.எச். (நீரின் அமில-கார நிலையைக் காட்டும் எண்) 10-ஐத் தாண்டிய பிறகுதான் பாஸ்பேட் நன்றாக இறங்கும். எனவே தேவையான அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீரின் காரத்தன்மையே, அதாவது அதிலுள்ள பைகார்பனேட்டின் அளவே. ஒரே நீரை ஒரு லிட்டர் வீதம் ஐந்து பீக்கர்களில் எடுத்து, 50, 100, 200, 300, 400 மி.கி. போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், 20 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, வடிகட்டிய பிறகு அளவிடுங்கள். வடிகட்டாமல் அளந்தால், மிதக்கும் நுண்துகளில் சிக்கிய பாஸ்பேட்டும் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தெளிந்த நீரை வண்டலிலிருந்து பிரித்த பிறகே பி.எச்.-ஐ 9-க்குக் கீழே இறக்குங்கள். வண்டலோடு சேர்த்து அமிலம் ஊற்றினால் படிந்த பாஸ்பேட் திரும்பக் கரையும். இரண்டாவது, அம்மோனியம் அதிகமுள்ள நீரில் பி.எச். ஏறினால் அது அம்மோனியா வாயுவாக மாறும். மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள். மீன் வாழும் குளத்தில் நேரடியாகப் போடவே கூடாது.

கேள்வி: வாழைத்தோல் பொடி போட்டதும் நீர் பழுப்பாகி, பாஸ்பேட் முன்பைவிடக் கூடிவிட்டது. எங்கே தவறு?

பதில்: தோலிலேயே பாஸ்பரஸும் சர்க்கரையும் நிறமிகளும் இருக்கின்றன, ஊறினால் வெளியே வரும். மேலும் தோலின் பெக்டின், செல்லுலோஸ் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அம்மோனியத்தையும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் அது இழுக்கும். பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டதால் அதைத் தள்ளிவிடும்.

பாஸ்பேட்டுக்குத் தோலைப் பயன்படுத்த வேண்டுமானால் இடையில் ஓர் உலோகம் தேவை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, கழுவி, இரும்பு, சிர்க்கோனியம், லாந்தனம் இவற்றில் ஒன்றின் உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். தோலோடு பிணைந்த உலோகம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். கழுவிய நீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுவதில் சோம்பல் கூடாது. இவற்றில் இரும்பு எளிதில் கிடைக்கும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத நீரில் அது கரைந்து, பிடித்த பாஸ்பேட்டை விட்டுவிடும்.

எந்தப் பொடியானாலும், முதலில் அதே அளவைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, எவ்வளவு பாஸ்பேட், நைட்ரஜன், சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) கசிகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனை இல்லாத எந்த முடிவையும் நாங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: ஓர் ஆய்வகம் பாஸ்பேட் 12 என்கிறது, இன்னொன்று 4 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று பாஸ்பேட்டாகவும் மற்றது பாஸ்பரஸாகவும் எழுதியிருக்கும். பாஸ்பரஸை 3.07-ஆல் பெருக்கினால் பாஸ்பேட். நைட்ரேட்டிலும் இதே குழப்பம் உண்டு, அங்கே 4.43.

கேள்வி: நைட்ரேட்டை எடுக்க உணவுக் கழிவால் முடியுமா?

பதில்: முடியும், இதில்தான் உணவுக் கழிவின் உண்மையான பலம் இருக்கிறது. நைட்ரேட் எளிதில் படியாது. அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றுவது பாக்டீரியா. அதற்குக் கார்பன் உணவு வேண்டும். பல சுத்திகரிப்பு நிலையங்கள் இதற்காக மெத்தனாலையோ அசிட்டேட்டையோ வாங்கி ஊற்றுகின்றன. அந்த இடத்தில் புளிக்கவைத்த உணவுக் கழிவின் சாறு நிற்கும்.

கழிவை அரைத்து, நீர் சேர்த்து, காற்றுப் புகாமல் 35 டிகிரி அளவில் மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள். பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையே நிற்கட்டும். அதிக நாள் விட்டு, பி.எச். 7-ஐ நெருங்கினால், புளிக்கும்போது உண்டாகி பாக்டீரியாவுக்கு உணவாகும் அமிலங்கள் மீத்தேனாகிப் போய்விடும். மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, சாற்றை வடிகட்டி, சி.ஓ.டி.-யையும் அம்மோனியாவையும் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: 1,000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 40 மி.கி. நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்றால் மொத்தம் 40 கிராம். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 5 கிராம் சி.ஓ.டி. என்று எடுத்தால் 200 கிராம். சாற்றின் வலிமை லிட்டருக்கு 40 கிராம் சி.ஓ.டி. என்றால் 5 லிட்டர் போதும். அந்தச் சாற்றில் லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியா-நைட்ரஜன் இருந்தால், 40 கிராமை எடுக்கப் போய் 5 கிராமை நீங்களே சேர்க்கிறீர்கள். இறைச்சி, மீன், பருப்பு மிகுந்த கழிவு இதனால்தான் உதவாது. மாவும் பழமும் மிகுந்ததே நல்லது.

தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 0.5 மி.கி.-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடாது. சாறு குறைந்தால் வேலை பாதியில் நின்று நைட்ரைட் தேங்கும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமைக்குடில் வாயுவும் கூடும். சாறு அதிகமானால் வெளியேறும் நீரில் சி.ஓ.டி. ஏறும், அழுகிய முட்டை வாடை வரும்.

உங்கள் நீரில் இருப்பது அம்மோனியா என்றால் முதலில் காற்றூட்டி நைட்ரேட்டாக மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகி பி.எச். சரியும். சவ்வு நீக்கிய, சுடாத முட்டை ஓட்டுத் துண்டுகள் இங்கேதான் பயன்படும்: அமிலம் கூடும்போது கரைந்து ஈடுகொடுக்கும்.

கேள்வி: பாஸ்பேட் ஏறிய ஓட்டு வண்டலை உரமாகப் போடலாமா?

பதில்: அமில மண்ணுக்குப் போடலாம், பாஸ்பரஸ் மெல்லக் கிடைக்கும், சுண்ணாம்பு அமிலத்தையும் தணிக்கும். ஏற்கெனவே காரமான மண்ணில் பயனில்லை. தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்திருந்தால் ஈயம், காட்மியம் இரண்டையும் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் வாய்க்கால் கரையில் குவித்து வைக்காதீர்கள். ஒரு மழை போதும், வண்டல் மொத்தமும் பாஸ்பரஸோடு நீருக்கே போய்ச் சேரும்.