கை கால் எரிகிறது என்று சொன்னால் மாத்திரையைக் குறைத்துவிடுவார்களா?

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கேப்சைட்டபின் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி. இப்போது நான்காவது சுற்று. உள்ளங்கையும் பாதமும் கறுத்துவிட்டன, நகத்தில் கோடு விழுகிறது. விரல் ரேகை மங்கிப்போய், பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்கப் போனால் மெஷின் ஏற்கவில்லை. ஒரு வாரமாக நடந்தால் பாதம் எரிகிறது, குதிகாலில் ஒரு கொப்புளம். இது புற்று தோலில் பரவுவதற்கு அறிகுறி என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்று சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் தந்த க்ரீம் தடவுகிறேன், விட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். – வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: அம்மா, இன்று இரவுக்கான கேப்சைட்டபினைப் போடாதீர்கள். சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்து, "பாதத்தில் வலி, குதிகாலில் கொப்புளம், மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

புற்று தோலில் பரவவில்லை. இரண்டு உள்ளங்கையும் இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் கறுப்பது இந்த மருந்தின் வேலை. அந்த வீடியோவை அழித்துவிடுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உங்கள் நிஜமான பயம் அந்த வீடியோ இல்லை. "சொன்னால் குறைத்துவிடுவார், குறைத்தால் நோய் திரும்பிவிடும்" என்பதுதான். இந்தப் பயத்தில் வாயைத் திறக்காமல் இருப்பவர்கள்தான் கடைசியில் நடக்க முடியாமல், சக்கர நாற்காலியில் வருகிறார்கள். கேப்சைட்டபின் சாப்பிடுபவர்களுக்குக் கையும் காலும் இப்படி ஆவது மிகச் சாதாரணம். அதற்கு என்ன செய்வது என்பது மருந்தோடு வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. வலி வந்தால் நிறுத்த வேண்டும். அடங்கியதும் அதே அளவிலோ, முக்கால் அளவிலோ மறுபடி தொடங்குவார்கள். இதை யோசித்துத்தான் சிகிச்சையையே திட்டமிடுகிறோம். டோஸை முக்காலாக்குவது தோல்வி இல்லை. இப்போது நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் தோல் வெடித்து, கிருமி புகுந்து, வாரக்கணக்கில் மருந்தே இல்லாமல் போகும். எது நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒன்று, விட்டுப்போன வேளைகளை அப்புறம் சேர்த்துப் போட்டு ஈடுகட்டக் கூடாது.

நிறம் மாறுவது பயப்படும் விஷயமில்லை, வலிதான் பயப்பட வேண்டியது. புத்தகங்களில் "சிவந்துபோகும்" என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கறுத்து, பளபளத்து, விரலை மடக்கினால் இழுப்பது போல் இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் கேள்வி கேட்டுப் பாருங்கள்: டம்ளரைப் பிடிக்க முடிகிறதா? ஜாக்கெட் ஹூக்கைப் போட முடிகிறதா? காலையில் முதல் அடி வைக்கும்போது முகம் சுளிக்கிறீர்களா? இதில் ஒன்றுக்குத் தடுமாற்றம் வந்தாலும் அன்றே போன். இதோடு வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலோ, வழக்கத்தைவிட நாலைந்து தடவை கூடுதலாக வயிற்றோட்டம் போனாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ போனோடு நிற்காமல் எமர்ஜென்சிக்கே போங்கள். சிலருக்கு இந்த மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு எல்லாம் சேர்ந்து வரும்.

மற்றவை வேகமாக. நகக் கோடு வளர்ந்து போய்விடும். கறுப்பு, மருந்து முடிந்தபின் மெல்லக் குறையும். ரேகை மங்குவதும் இந்த மருந்தால்தான், பெரும்பாலும் திரும்பி வரும். ஆயுள் சான்றுக்கு விரல்தான் வேண்டும் என்றில்லை. ஜீவன் பிரமாண் என்ற அரசின் டிஜிட்டல் ஆயுள் சான்றில் 2021 முதல் முகத்தைக் காட்டியே கொடுக்க முடிகிறது. பேரனிடம் போனைக் கொடுங்கள், அவன் முடித்துவிடுவான்.

இப்போது அந்த க்ரீம். டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் பெரும்பாலும் க்ளோபெட்டாசால் என்று இருக்கும், அது வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சைக்கும் கிருமிக்கும் ஆளுக்கொரு மருந்து. எதைக் காட்டினாலும் கடைக்காரர் இதைத்தான் எடுத்துத் தருகிறார். ஸ்டீராய்டு தானாக வாங்கித் தடவுவதற்கல்ல. ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலிதாக்கும். குப்பையில் போடுங்கள். விட்டமின் மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், கேப்சைட்டபினின் தொல்லையை அது கூட்டும். சத்துக்குத்தானே என்று சாப்பிட்டது இப்படியும் ஆகும். கோன் மருதாணியும் வேண்டாம். கறுப்பாகப் பிடிப்பதற்கு அதில் சேர்க்கும் ரசாயனம் கொப்புளமே போட வைக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெடிக்காத இடத்தில் 10 சதவீத யூரியா க்ரீம், காலையும் இரவும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். குளிர்காலத்தில் கீசரைத் திறந்துவிட்டு ஆவி பறக்கக் குளிக்கிறோமே, அது ஆகாது, வெதுவெதுப்பு போதும். அழுத்தமும் உராய்வும் சூடும் படுகிற இடத்தில்தான் இது அதிகமாகும். அதனால் சப்பாத்தி மாவு பிசைவதும் பாத்திரம் தேய்ப்பதும் கொஞ்ச நாள் வேறு யாராவது செய்யட்டும். உங்கள் ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போகிறவராக இருந்தால், வெறுங்காலோடு அத்தனை படி ஏறுவதை நிறுத்திவையுங்கள். முருகன் பொறுத்துக்கொள்வான். அல்லது யாராவது பிடித்துக்கொள்ள, மெல்லிய பருத்திக் காலுறையோடு ஏறுங்கள்.

வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது வதந்தி இல்லை. உங்கள் ஊர் எய்ம்ஸில் நடந்த ஆய்வுதான், 2024-இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு வலியோடு வந்த இந்தத் தொல்லை, டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவர்கள் தொல்லை வருவதற்கு முன்பே, மாத்திரையோடு சேர்த்துத் தடவ ஆரம்பித்தவர்கள். நான்காவது சுற்றில், கொப்புளத்தின் மேல் தடவுவதற்கு அது இல்லை. அடுத்த சுற்று தொடங்கும்போது வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்காமல் வாங்க வேண்டாம்.