முக நரம்பு வலிக்கு மாத்திரையே போதுமா, ஆபரேஷன் வரைக்கும் போகணுமா?

அம்மாவுக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது இந்த முக நரம்பு வலி, என்று சொல்லிவிட்டார்கள், வயது 60-க்கு மேல், மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை யாரும் இதைப் பல்வலி என்று நினைத்து அவருக்குப் பல்லைப் பிடுங்கவில்லை என்றால் அதுவே பெரிய அதிர்ஷ்டம். எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் போனது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லையே என்று சொல்லிக்கொண்டேதான் பிடுங்கினார் அந்தப் பல் டாக்டர். முதல் பல் போயும் வலி நிற்கவில்லை, அதனால் பக்கத்துப் பல்லும். பேர் ஊர் வேண்டாம், விடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன். நான் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வலது கீழ்த்தாடையில் சுரீர் என்று ஷாக் அடிக்கும். சில நொடிகளில் போய்விடும், திரும்ப வரும். பல் துலக்கினால் வரும், ஷேவிங் பிரஷ் பட்டால் வரும், மென்றால் வரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றுக்குப் பயந்து துண்டைக் கட்டினால், துண்டு உரசி வலிக்கும். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை என்று பங்காளிகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட முடியாதவன் இலையில் உட்கார்ந்து என்ன செய்ய?

சாதாரண வலி மாத்திரை இதற்கு ஒன்றும் செய்யாது. கோயமுத்தூரில் நியூரோ டாக்டர் கொடுத்தது கார்பமாசெபின். அடிப்படையில் வலிப்பு மாத்திரை, ஆனால் 1960-களிலிருந்தே இந்த வலிக்கும் இதுதான் முதல் மருந்து. மருந்துக்கடைப் பையன் சத்தமாக "வலிப்பு வருங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு.

ஆனால் மாத்திரைக்கு வலி கேட்டது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் டோஸ் ஏற ஏற தலைசுற்றல், தூக்கம், அறுந்த நூலைக் கூடக் கவனிக்க முடியாத மந்தம். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கியிருந்தது. வயதானவர்களுக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டியது. தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். மாற்றாக ஆக்ஸ்கார்பசெபின் தருவார்கள், அதிலும் சோடியம் இறங்கலாம். கூடவே பேக்லோஃபன் என்ற தசை தளர்த்தும் மாத்திரையைச் சேர்ப்பதும் உண்டு.

எம்ஆர்ஐ எடுத்ததில், மூளைத்தண்டிலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் திறந்து, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைத்து விலக்கினார்கள். மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன் என்று பெயர். 10 வருடம் கழித்தும் பத்தில் ஏழு பேருக்கு வலி இல்லாமல் இருக்கிறதாம். எனக்கு வலி போனது. அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம். ஆபரேஷனில் அப்படி ஆவதும் உண்டு, ஆனால் தறிச் சத்தத்தில் முன்பே போனதா என்று எனக்கே தெரியாது, அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

அம்மாவின் உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சூடாக்குவது, கிளிசரால் போடுவது, பலூனால் அழுத்துவது என்று வழிகள் உண்டு. வலி சீக்கிரம் அடங்கும், பதிலுக்கு முகம் மரத்துப்போகலாம், சில வருடத்தில் வலி திரும்பவும் வரலாம். காமா நைஃப் கதிர்வீச்சும் இருக்கிறது. அது வேலை செய்யவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். சித்தா, அக்குபஞ்சர் ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் மந்திரிச்சு வேப்பிலை அடித்தும் பார்த்தவன்தான்.

செலவைப் பற்றிக் கேட்காதீர்கள், வயிறு எரியும். நான் படுத்திருந்த நாளில் தறியும் படுத்தது. நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற ஜவுளி முதலாளிகள் கூலி உயர்வு என்று ஒப்பந்தம் போட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், பாவு நூல் கொடுக்கும்போது பழைய கூலிதான். கேட்டால் "மார்க்கெட் சரியில்லைங்க" என்பார்கள். கரண்ட் பில் மட்டும் எந்த மார்க்கெட்டையும் பார்ப்பதில்லை. சரி, இது நீங்கள் கேட்டதில்லை. அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டதா, சோடியம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.