கதை எழுதினால் கணக்கு வருமா? - கேள்வி பதில்

மலையகப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 9, 10 பிள்ளைகளைச் சிறுகதை எழுத வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணக்குக் கொப்பியை மூடிவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறான். தடுக்கவா, விடவா சேர்?

விடுங்கள் அம்மா. ஆனால் எழுதியதை வாங்கிப் பாருங்கள், கணக்கு அதற்குள்ளேயே கிடக்கும். கொழுந்தெடுக்கும் தாயைப் பற்றி என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதினாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னரே அந்தத் தாய் 40 கிலோ எடுத்துவிடுகிறாள்! "உங்க அம்மா ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன். வீட்டில் விசாரித்து, நாள் முழுக்க எடுத்த கிலோவை மணித்தியாலத்தால் வகுத்துப் பார்த்து, தானே குறைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அதிலிருந்து எவ்வளவு தூள் வரும் என்று அவளே கேட்டாள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வாட்டும்போதும் உலர்த்தும்போதும் போய்விடுகிறது. விகிதமும் சதவீதமும் வந்துவிட்டன, பார்த்தீர்களா? தராசடியில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்ததும் தாய்க்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுவதுதான் கதையின் உச்சம். கிலோ சரியாக இருந்ததால்தான் அந்தக் காட்சி படிப்பவரைச் சுட்டது.

இரவு முழுக்க விழித்திருந்து எழுதுகிறான் என்றால் அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அப்புத்தளையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை: என் பாடத்துக்கு இதில் என்ன வேலை? 'நான் ஒரு நீர்த்துளி' என்று எழுத வைப்பதா?

ஐயோ, வேண்டாம் டீச்சர். அது பாடப்புத்தகத்துக்கு மீசை ஒட்டிய மாதிரி இருக்கும். கதை ஒழுங்காக நடக்க விஞ்ஞானம் தேவைப்படும் இடத்தில் பிடியுங்கள். நுவரெலியாவில் நடக்கும் ஒரு கதையில், கருமேகம் மூடிய இரவில் உறைபனி விழுந்து விடியும்போது கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேகம் மூடினால் நிலத்தின் வெப்பம் எளிதில் வெளியேறாது. சனவரி, பெப்ரவரியில் காற்றடங்கி, வானம் தெளிந்து, நட்சத்திரம் நிறைந்த இரவில்தான் உறைபனி விழும். அதைத் தெரிந்துகொண்ட மாணவன் கருமேகத்தை வெட்டினான். அழகான இரவு, விடிந்தால் நாசம் என்று கதையும் முன்பைவிட நன்றாக வந்தது.

இன்னொன்று, ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் தண்ணீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுப்பதால் பாட்டி திட்டும் காட்சிக்கு அது போதும்.

பதுளை, தரம் 10 மாணவன்: எங்கள் பூட்டனின் அப்பா 1850இல் ரயிலில் பதுளைக்கு வந்து கொழுந்தெடுத்தார் என்று தொடங்கியிருக்கிறேன். சரியா சேர்?

தம்பி, ஒரே வரியில் இரண்டு சிக்கல். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதே பாதையில் முன்னாலுள்ள நானுஓயாவுக்கே 1885இல்தான். 1850இல் இங்கே கோப்பிக் காலம். தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867இல். 1869இல் இலைநோய் தென்பட்டுக் கோப்பி படிப்படியாக அழிந்த பிறகே தேயிலை மலையெல்லாம் பரவியது. ஆகவே உன் ஆள் படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்து வந்து, கோப்பிப் பழம் பறிக்கட்டும். கதைக்கு அந்த நடைதான் பெரிய சொத்து. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "எந்த வருசம்?" என்று கேட்காதே, தடுமாறுவார்கள். "அப்போ ரயில் இருந்துச்சா? யார் கங்காணி?" என்று கேள். அவர்கள் சொன்னதைப் பழைய பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார். வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரம் என்று படிப்பது இதைத்தான்.

அட்டன் மாணவி: தோட்டத்துப் பேச்சை எழுதினால் புள்ளி குறைப்பார்களா?

உரையாடலில் எழுது மகள், "வா புள்ள" என்றே பேசட்டும். கதை சொல்லும் வரிகளில் எழுத்துத் தமிழ் இருக்கட்டும். பாத்திரம் சிங்களத்தில் பேசினால் அந்த வரியைச் சிங்கள ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்.

புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்: இதனால் மற்றப் பாடங்களில் புள்ளி கூடுமா? எல்லாக் கதையையும் எப்படித் திருத்துவது?

புள்ளி கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தேடிப் பார்க்கும் பழக்கம் வருகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன். திருத்துவதற்கு முன் கொப்பிகளை மாற்றிக் கொடுங்கள். பக்கத்துப் பிள்ளை "இது நடக்குமா?" என்று சந்தேகப்படும் இடங்களில் பென்சிலால் கோடு போடட்டும். எழுதியவர் அந்தந்தப் பாட ஆசிரியரிடம் போய்க் கேட்டு வரட்டும். அதற்குப் பிறகு சிவப்புப் பேனையை எடுங்கள். எழுத்துப்பிழையை முதலிலேயே வட்டமிட்டால் அடுத்த கதை வராது.