லூர்து நகரின் முதல் கேடயம்

கேள்வி: எங்கள் ஊரில் லூர்து அன்னை திருத்தலம் இருப்பதால் அந்தப் பெயர் சிறுவயது முதலே பழக்கம். அதே லூர்து நகரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் ரக்பி சாம்பியனாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: முழுக்க உண்மை. பிரனே மலையடிவாரத்தில் உள்ள அந்தச் சிறு நகரத்தின் அணி, 1948 ஏப்ரலில் துலூஸ் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் துறைமுக நகரமான தூலோனின் அணியை 11-3 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, 1947-48 பருவத்தின் தேசியப் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. வெற்றியைவிட அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளே என் மனத்தைத் தொடுகின்றன. 1945 இறுதிப் போட்டியில் அஜான் அணியிடம் 7-3 எனத் தோற்ற லூர்து, மறு ஆண்டும் இறுதிவரை வந்து, பக்கத்து ஊரான போ நகரத்து அணியிடம் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் 11-0 எனத் தோற்றது. 1947-இல் பட்டம் துலூஸுக்குப் போனது. அடுத்தடுத்து இரு முறை வாயில்வரை வந்து திரும்பிய அணி கலைந்துபோகாமல் நின்றதற்கு, ழான் பிரா, மொரீஸ் பிரா என்ற உள்ளூர்ச் சகோதரர்களைப் போன்றோர் ஊரைவிட்டு அகலாமல் ஆடியதே பெருங்காரணம் என்பது என் கருத்து. அண்ணன் ழான் பின்னர் பிரான்ஸ் ரக்பி அணியின் தலைவராகி, 1954-இல் நியூசிலாந்தை 3-0 என வென்ற ஆட்டத்தின் ஒரே டிரையையும் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) தாமே எடுத்தார்.

கேள்வி: வெறும் 11 புள்ளிகள்தானா? பிரான்சில் பட்டம் வென்ற அணிக்குக் கோப்பை தராமல் கேடயம் தருவது ஏன்?
– அதே வாசகர்

பதில்: இன்று 5 புள்ளி பெறும் டிரைக்கு அன்று 3 புள்ளிதான், எனவே 11-3 என்பது தெளிவான வெற்றியே. பித்தளைத் தகடு பதித்த அந்த மரக் கேடயம் 1892-இல் நடந்த முதல் சாம்பியன் போட்டியிலிருந்தே வழங்கப்படுகிறது. அதைச் செதுக்கிய ஷார்ல் பிரென்னுஸின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

லூர்து அணி அந்தக் கேடயத்தை மொத்தம் எட்டு முறை வென்றது. எட்டாவதும் இறுதியுமான பட்டம் 1968-இல், மறுபடியும் துலூஸில், மறுபடியும் தூலோனுக்கு எதிராகவே கிடைத்தது. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் ஆட்டம் 9-9 எனச் சமநிலையில் முடிந்ததால், இரண்டு டிரைகள் எடுத்திருந்த லூர்து சாம்பியனாக அறிவிக்கப்பட்டது.