நடுவர் நோட்டீஸ் வந்தால்? ஆர்பிட்ரேஷன் குறித்த வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

லாரிக்கு ஃபைனான்ஸில் கடன் வாங்கினேன். சில டியூ கட்டவில்லை. 'என்னை நடுவராக நியமித்துள்ளனர், ஆஜராகவும்' என்று சென்னை வக்கீல் ஒருவரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. போகாவிட்டால் என்ன? (நாமக்கல் வாசகர்)

ஆர்பிட்ரேஷன் என்பது நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் ஒருவர் தகராறைத் தீர்க்கும் முறை. போகாவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே அவார்டு (நடுவரின் தீர்ப்பு) வந்துவிடும். அது நீதிமன்ற டிக்ரிக்குச் சமம். அதை வைத்து நிறைவேற்று மனு போட்டு ஜப்தி வரை போகலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பியனுப்பியும் பயனில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஆனால் அந்த நடுவரை நியமித்தது யார் என்று பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி தானாகவே ஒருவரைப் போட்டிருந்தால் ஆட்சேபிக்க வலுவான காரணம் இருக்கிறது. வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனியாக ஒற்றை நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. அச்சடித்த கடன் பத்திரத்தை யார்தான் முழுக்கப் படிக்கிறோம்!

ஆட்சேபணையை உடனே எழுத்தில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த நடுவரே இருக்கட்டும்' என்று அவர்கள் நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு எழுந்தபின் எழுத்தில் சம்மதித்தால், சார்புள்ள நடுவரை மறுக்க ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12(5) பிரிவு தரும் பாதுகாப்பு போய்விடும். அவார்டே வந்துவிட்டதென்றால், கையெழுத்திட்ட பிரதி கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதை ரத்து செய்யக் கோரி 34-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்குமேல் நீதிமன்றமே நினைத்தாலும் முடியாது.

பில்டர் ஒப்பந்தத்தில் 'ஆர்பிட்ரேஷன் மட்டுமே' என்று இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (கோவை வாசகி)

தாராளமாக. 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது.

அண்ணன் தம்பி கூட்டுத்தொழில். பெரியப்பா சொல்வதை ஏற்போம் என்று வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டோம். அவர் சொன்ன முடிவை இப்போது தம்பி மறுக்கிறான். (ஈரோடு வாசகர்)

பெரியப்பா சொன்னது பஞ்சாயத்து, அவார்டு ஆகாது. நடுவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 7-ஆம் பிரிவு. தனிப் பத்திரம்தான் வேண்டும் என்பதில்லை, கடிதம், மின்னஞ்சல் பரிமாற்றத்தில் தெளிவாக இருந்தாலும் போதும். முதலில் பார்ட்னர்ஷிப் டீடை எடுத்துப் பாருங்கள். அதிலேயே ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கலாம். இல்லையென்றால், தகராறு வந்தபிறகும் இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் கணக்கு தெரிந்த வெளியாள் ஒருவரைப் போடுங்கள். பெரியப்பாவுக்கு ஏன் பொல்லாப்பு?

ஆர்பிட்ரேஷனில் செலவு குறையும் என்கிறார்களே? எனக்கு வரவேண்டியது இரண்டு லட்சம்தான். (மதுரை வாசகர்)

இந்தத் தொகைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 5 லட்சம் வரையிலான தகராறுக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை காட்டும் மாதிரிக் கட்டணமே 45,000 ரூபாய். மூன்று நடுவர் என்றால் ஒவ்வொருவருக்கும் அது. வக்கீல் ஃபீஸ் தனி. எதிர்த்தரப்பு பேசத் தயார் என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் இல்லை, முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. அவர் இறங்கி வரவில்லை என்றால் சிவில் வழக்குதான். பாக்கி விழுந்து 3 ஆண்டு தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.