பட்ஜெட் விமானம் ஓட்டுகிறேன், சம்பளம், ரோஸ்டர் (டூட்டி அட்டவணை), பாண்ட் எதைப் பற்றியும் கேளுங்கள்

இந்தியாவில் ஒரு பட்ஜெட் ஏர்லைனில் ஏ320 கேப்டனாக இருக்கிறேன். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் கேட்கலாம்.

கேள்வி: அண்ணா, சுத்தி வளைக்காம கேக்குறேன். மாசம் எவ்வளவு வரும்?

புதிதாகச் சேரும் கோ-பைலட்டுக்கு சுமார் 1.5 லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை, கேப்டனுக்கு 5 லட்சத்துக்கு மேல். கம்பெனியையும் பறந்த மணி நேரத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 30 சதவீதம் வரை போகும் வரி, கோ-பைலட்டாக இருந்தால் படிப்புக் கடன் இரண்டும் போன பிறகு மிச்சம் என்ன என்பதையும் பாருங்கள்.

கேள்வி: மாசத்துக்கு 70 மணி நேரம்தான் வேலைன்னு சொல்றாங்களே? எங்க ஐடி கம்பெனியில அது ஒரு வாரக் கணக்கு சார்!

எல்லாரும் கேட்கும் கேள்வி! அந்த 70 விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் வரையிலான நேரம் மட்டும்தான். பல கம்பெனிகளில் அதற்குத்தான் கணக்குப் போட்டு சம்பளம். காலை 5.30க்குச் சென்னையில் விமானம் என்றால் 4.30க்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், அதற்கு 2.30க்கே எழுந்தாக வேண்டும். கோயம்புத்தூர் போய் வந்து, மறுபடியும் ஒரு தடவை போய் வந்தால் நான்கு செக்டர் (ஒரு வழிப் பயணம் ஒரு செக்டர்), தலா 70 நிமிடம், ஆக 4 மணி 40 நிமிடத்துக்குக் காசு. நடுவில் தரையில் நிற்கும் அரை அரை மணி நேரம், ரிப்போர்ட்டிங், முடித்து வெளியே வருவது எல்லாம் சேர்ந்தால் டூட்டி ஏழரை மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் மழை பெய்து கேட்டிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது பெரும்பாலும் தர்ம கணக்கு.

கேள்வி: 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானம் எல்லாம் ரத்தாச்சே, பைலட்டுங்க ஸ்ட்ரைக்கா?

இல்லவே இல்லை. ஓய்வு விதி மாறியது, அதற்கேற்ற ஆள் பலம் இல்லை, அவ்வளவுதான். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ புது விதிகளை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது காலை 5 வரை என்றிருந்தது 6 வரை ஆனது. இரவு நேரத்தைத் தொடும் டூட்டியில் 6 தரையிறக்கம் வரை போகலாம் என்றிருந்தது 2 ஆனது. கம்பெனிகள் இழுத்தடித்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பரில் மீதி அமலுக்கு வந்தது. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. உடனே என்ன நடந்தது? இரவு டூட்டி விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. எடுத்த லீவை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியும் வாபஸ் ஆனது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசத்தில் ஆள் எடுக்காதது நிர்வாகம், ஓய்வை விட்டுக்கொடுத்தது பைலட்.

கேள்வி: களைப்பா இருக்குன்னு சொல்லி டூட்டியை மறுக்க முடியாதா?

முடியும், களைப்பாக இருந்தால் ஓட்டக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் அன்றைய பறக்கும் மணிக்கான காசு போகும், அடிக்கடி சொன்னால் மேலிடத்தில் பேச்சு வரும். அதனால் பாதிப் பேர் 'உடம்பு சரியில்லை' என்று போட்டுவிடுகிறார்கள். கம்பெனியின் கணக்கில் களைப்பே இல்லாதது மாதிரி ஆகிவிடுகிறது.

கேள்வி: சார், என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். 1 கோடி செலவாகும்னு சொல்றாங்க. வீட்டை அடமானம் வைக்கலாமா?

அம்மா, ஒரு பைசா கட்டுவதற்கு முன் அவனுக்கு கிளாஸ் 1 மெடிக்கல் (பைலட்டுக்கான உடல் தகுதிச் சோதனை) எடுங்கள். அதில் தேறாமல் போனால் கட்டிய பணம் வீண். ஏர்லைன் நடத்தும் கேடட் பயிற்சித் திட்டங்கள் 1 கோடியைத் தொடும். தனியாகப் போனால் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்க சுமார் 50 லட்சம், டைப் ரேட்டிங்குக்கு (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) இன்னும் 15லிருந்து 25 லட்சம் வரை. 1 கோடியை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1.38 லட்சம். மேலே சொன்ன கோ-பைலட் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். லைசென்ஸ் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் நிறைய. கிங்ஃபிஷர் 2012லும் ஜெட் ஏர்வேஸ் 2019லும் கோ ஃபர்ஸ்ட் 2023லும் நின்றபோது அனுபவசாலிகளே வரிசையில் நின்றார்கள். இருக்கும் ஒரே வீடு என்றால் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிடலாம்ல ப்ரோ?

கேப்டனுக்கு 12 மாத நோட்டீஸ், கோ-பைலட்டுக்கு 6 மாதம். 2017லிருந்து இது டிஜிசிஏ விதி. 12 மாதம் எந்தக் கம்பெனி காத்திருக்கும், சொல்லுங்கள்? 2023ல் நோட்டீஸ் முடிக்காமல் போன 43 பைலட்டுகள் மீது ஆகாசா ஏர் நீதிமன்றமே போனது. டைப் ரேட்டிங்கைக் கம்பெனி கொடுத்திருந்தால் பாண்ட் வேறு, அதாவது சொன்ன காலத்துக்கு முன் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்.

கேள்வி: வெளிநாட்டு பட்ஜெட் ஏர்லைன்ல நிலைமை பரவாயில்லையா?

ஐரோப்பாவில் ஒரு காலண்டர் வருடத்துக்கு 900 மணி நேரம்தான் பறக்க உச்சவரம்பு, இங்கே 365 நாளுக்கு 1000. அங்கேயும் சும்மா கிடைக்கவில்லை. அயர்லாந்தின் பட்ஜெட் ஏர்லைன் ரயன்ஏர் 2017 செப்டம்பரில் ரோஸ்டர் குளறுபடியால் விமானங்களை ரத்து செய்து, பைலட்டுகள் வேலைநிறுத்தம் என்று கிளம்பிய பிறகு, அந்த டிசம்பரில்தான் யூனியனை முதல்முறையாக அங்கீகரிக்க ஒப்புக்கொண்டது.

கேள்வி: கடைசியா ஒண்ணு, சாப்பாடாவது ஃப்ரீயா?

ஃப்ரீதான். ஆனால் கேப்டனும் கோ-பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது, கெட்டுப்போயிருந்தால் இரண்டு பேரும் படுத்துவிடுவோம் இல்லையா. யாருக்கு பிரியாணி, யாருக்கு உப்புமா என்பதில் சீனியாரிட்டிதான் ஜெயிக்கும்.